அமாவாசை பார்த்துப் போங்கள்

போன இதழில் ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் இருக்கும் ரம் தீவைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். இன்வெர்னஸில் குடியேறிய இந்த 18 வருடத்தில் ஏழு முறை அங்கே போய் வந்திருக்கிறேன். அந்தத் தீவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் காலைப் படகில் ரம் போய், மாலைப் படகில் திரும்பினோம். "ஒரு லட்சம் ஜோடிக்கு மேல் பறவைகள்" என்று எழுதியிருந்தீர்கள். நாங்கள் பார்த்தது நாலு கடற்காகம், சாம்பல் உடம்போடு இரண்டு காக்கா, அவ்வளவுதான். எங்கே அந்த ஒரு லட்சம்?
— வாசகி, கிளாஸ்கோ

முதலில் உங்களிடமும் பிள்ளைகளிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இரவு தங்கினால்தான் உண்டு என்பதை நான் அழுத்திச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கிளாஸ்கோவிலிருந்து மல்லெய்க் வரைக்கும் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ரயில், அப்புறம் படகு. இவ்வளவு தூரம் வந்து வெறுங்கையோடு திரும்பியது எனக்கே வருத்தமாக இருக்கிறது.

ஆனால் ஒன்று சொல்கிறேன். நீங்கள் தீவில் இருந்த நேரம் முழுக்க அந்தப் பறவைகளும் அங்கேதான் இருந்தன. பாதிப் பேர் உங்கள் தலைக்கு மேலே, ஹாலிவல், ஆஸ்கிவல் மலைகளின் சரிவில், மண்ணுக்குள்ளே வளையில் முட்டையை அணைத்துக்கொண்டு. மீதிப் பாதி கடலில், மீன் தேடிக்கொண்டு. மான்க்ஸ் ஷியர்வாட்டர் என்பது அவற்றின் பெயர். மேலே கறுப்பு, கீழே வெள்ளை, புறாவைவிடக் கொஞ்சம் பெரிசு, நீண்டு ஒடுங்கிய சிறகு. அலையின் முகட்டைச் சிறகு நுனியால் உரசுகிற மாதிரி சாய்ந்து சாய்ந்து பறக்கும். ஜோடியில் ஒன்று அடைகாத்தால் மற்றது கடலுக்குப் போய்விடும். முறை மாற்ற ஐந்தாறு நாள்கூட ஆகும். அந்த முறை மாற்றம் நடப்பது இரவில் மட்டும்தான்.

அடுத்த தடவை மே மாதக் கடைசியில் போங்கள், இல்லையென்றால் ஆகஸ்டில். வீட்டுக் காலண்டரில் அமாவாசை என்றைக்கு என்று பாருங்கள். அதை ஒட்டிய நாலைந்து நாளில் படகுக்குப் பதிவு செய்யுங்கள். நிலா வெளிச்சத்தில் இந்தப் பறவை கரைக்கு வரத் தயங்கும். மேகம் மூடி, காற்றும் கொஞ்சம் அடித்தால் இன்னும் நல்லது. மற்ற சுற்றுலாவுக்கு எதெல்லாம் கெட்ட வானிலையோ, அதெல்லாம் இதற்கு நல்ல வானிலை.

கின்லாக் கிராமத்திலிருந்து கோரி டூ என்ற மலைமடிப்பின் வழியாக ஏறினால், ஹாலிவலின் சரிவுக்கு என் நடைக்கு மூன்று மணி நேரம் ஆகும். மேலே போனதும் பாறைகளுக்கு நடுவே சில இடங்களில் மட்டும் புல் கண்ணைப் பறிக்கிற பச்சையாக இருக்கும். பறவைகளின் எச்சம் உரமானதால் வந்த பச்சை அது. அந்தத் திட்டு முழுக்க வளைகள். காலை வைக்கும்போது கவனம் தேவை. வளையின் மேல்மண் மெல்லியது, மிதித்தால் உள்ளே இடிந்து விழும். ஓரத்தில் ஒரு பாறையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொள்ளுங்கள். பொழுது இருக்கும்போதே போய் உட்கார்ந்துவிட வேண்டும், விடிந்த பிறகுதான் இறங்க வேண்டும். இருட்டில் அந்தச் சரிவில் நடப்பது ஆபத்து. மழை, காற்றுக்குத் தாங்கும் உடுப்பு இல்லாமல் போகவே கூடாது. எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று கிராமத்தில் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். மேலே செல்போன் சிக்னலை நம்ப முடியாது. மலை பழக்கமில்லை என்றால் தெரிந்தவர் துணை இல்லாமல் ஏறாதீர்கள். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தால் இன்னும் சில வருடம் பொறுங்கள், மலை எங்கேயும் போய்விடாது.

நான் முதல்முறை உட்கார்ந்தபோது பதினொன்றரை வரைக்கும் ஒன்றுமே இல்லை. பக்கத்தில் துணைக்கு வந்திருந்த மல்லெய்க்கின் முன்னாள் மீனவர், "பேசாமல் இரு" என்கிற மாதிரி கையைக் காட்டினார். அப்புறம் இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல். தொண்டை கட்டிய சேவல் கூவத் தொடங்கி, பாதியில் மூச்சு முட்டி நின்றால் எப்படி இருக்கும், அப்படி. அதற்கு என் காலடியில், மண்ணுக்குள்ளிருந்து பதில் வந்தது. ஐந்து நிமிடத்தில் மலையே கத்த ஆரம்பித்துவிட்டது. தலைக்கு மேல் சிறகு காற்றைக் கிழிக்கிற ஓசை, பக்கத்தில் பொத்தென்று புல்லில் விழுகிற ஓசை, உள்ளேயும் வெளியேயும் கூப்பாடு. ஆணின் குரல் கொஞ்சம் தெளிவு, பெண்ணின் குரல் கரகரப்பு என்று அந்த மீனவர் பிறகு சொல்லிக் கொடுத்தார். பனைமரத்து அன்றில் இரவில் துணையைக் கூப்பிடுவதைச் சங்கப் பாட்டில் படித்துவிட்டு, ஒரு பறவைக் குரலுக்கு எப்படித் தூக்கம் கெடும் என்று பள்ளியில் யோசித்திருக்கிறேன். அன்றைக்குப் புரிந்தது.

அன்று நான் ஒரு தப்பும் செய்தேன். பக்கத்தில் விழுந்த பறவையைப் பார்க்கும் ஆசையில் டார்ச்சைப் பளிச்சென்று அடித்துவிட்டேன். இறங்கிக்கொண்டிருந்த இன்னொரு பறவை அந்த வெளிச்சத்தில் திகைத்து என் தோளில் மோதிக் கீழே விழுந்தது. கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்து, பிறகு தத்தித் தத்தி வளைக்குள் போய்விட்டது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு சுருக்கென்கிறது. டார்ச் வேண்டுமென்றால் கண்ணாடிமேல் சிவப்புத் தாள் ஒட்டி, தரையைப் பார்த்து மட்டும் அடியுங்கள். கேமரா ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். இது காதால் பார்க்க வேண்டிய பறவை.

கடற்பறவை எதற்காக மலை உச்சிக்குப் போய்க் கூடு வைக்கிறது? அதுவும் ஏன் இருட்டில் வர வேண்டும்?
— வாசகர், லீட்ஸ்

அதன் காலைப் பார்த்தால் தெரிந்துவிடும். நீந்துவதற்கும் முக்குளிப்பதற்கும் தோதாகக் கால்கள் உடம்பின் பின்பக்கம் தள்ளி அமைந்திருக்கின்றன. கடலில் அதற்கு ஈடு கிடையாது. தரையில் நேராக நிற்கக்கூட வராது, நெஞ்சால் உந்தி உந்தித்தான் நகரும். பகலில் இறங்கினால் பெரிய கடற்காகங்களும் அண்டங்காக்கைகளும் கழுகுகளும் விடாது. அதனால் சாயங்காலம் கரையோரக் கடலில் கூட்டமாக மிதந்து காத்திருந்து, இருட்டியதும் வருகிறது.

உச்சிக்குப் போவதற்குக் காரணம், அங்கே வளை தோண்ட வாகான மண் இருப்பது. எலிகளும் கீழே இருப்பது போல உயரத்தில் தொல்லை கொடுப்பதில்லை. ஆனாலும் முழுப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. ரம் தீவின் செம்மான்கள் சில சமயம் ஷியர்வாட்டர் குஞ்சைக் கடித்துத் தலையையும் எலும்பையும் தின்றுவிடுகின்றன. தாவரம் தின்னும் மான் இப்படிச் செய்யுமா என்று முதலில் நானும் நம்பவில்லை. இந்தத் தீவில் மேய்ச்சலில் கிடைக்கும் தாதுச்சத்து போதாததால், கொம்பு வளர்க்க வேண்டிய சுண்ணாம்புச் சத்தை எலும்பிலிருந்து எடுத்துக்கொள்கின்றன என்பது ஆராய்ச்சியாளர்களின் விளக்கம்.

இன்னொரு சங்கதி. பக்கத்து மலை ஒன்றுக்கு ட்ராலவல் என்று பெயர். வைக்கிங் மாலுமிகள் வைத்தது. பூதத்தின் மலை என்று அர்த்தம். இரவில் மலைக்குள்ளிருந்து வந்த இந்தக் கூப்பாட்டைக் கேட்டுத்தான் அப்படிப் பெயர் வைத்தார்கள் என்று சொல்வார்கள். ஹாலிவலில் ஒரு இரவு இருந்தவர்கள் அதை மறுக்க மாட்டார்கள்.

அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் வலி. பறவை என்றால் உயிர். மலை ஏற முடியாதவர்கள் ரம் போவதில் பிரயோஜனம் உண்டா?
— வாசகி, எடின்பரோ

கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். அம்மாவுக்கு நல்ல இடம் மலை இல்லை, படகின் மேல்தளம். மல்லெய்க்கிலிருந்து ரம், எய்க், மக், கானா என்ற நாலு சின்னத் தீவுகளுக்கும் ஒரே படகுதான் போகிறது. நேராக ரம் போனால் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம். சுற்றிப் போகிற நாளையே தேர்ந்தெடுங்கள். கடலில் கூடுதல் நேரம் கிடைக்கும். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரைக்கும், ரம் தீவுக்கும் எய்க் தீவுக்கும் இடையே ஷியர்வாட்டர்கள் படகுக்கு இரண்டு பக்கமும் பறக்கும். மாலை நேரமானால் நூற்றுக்கணக்கில் தண்ணீரில் உட்கார்ந்திருப்பதையும் பார்க்கலாம். ஒரு பக்கம் சாயும்போது முழுக் கறுப்பு, மறுபக்கம் சாயும்போது பளீரென்று வெள்ளை. அம்மாவுக்கு அடையாளம் சொல்ல இது போதும். கம்பளித் தொப்பியும் கையுறையும் ஜூனில்கூட வேண்டும்.

தீவில் இறங்கியதும் லாக் ஸ்க்ரெசார்ட் என்ற சின்னக் குடா இருக்கிறது. கரையோரத்துப் பாதை மெதுவாக நடக்கலாம். அங்கே ஈடர் வாத்துகள் குஞ்சுகளோடு மிதக்கும். ஆணின் குரல், பக்கத்து வீட்டுச் சேதி கேட்டு "ஓஓ... அப்படியா!" என்று வாய் பிளக்கிற மாதிரியே இருக்கும். மே மாதமென்றால் மரங்களுக்குள்ளிருந்து குயிலினத்து குக்கூவின் குரலும் கேட்கும். ஒரு மடக்கு நாற்காலி எடுத்துப் போங்கள். உட்கார்ந்த இடத்திலேயே கடற்கழுகு தலைக்கு மேல் போக நல்ல வாய்ப்பு இருக்கிறது.

அந்தக் கடற்கழுகைப் பற்றியே கேட்கிறேன். நார்வேயிலிருந்து பிடித்து வந்து இங்கே விட்டது சரியா? எங்கள் பக்கத்து ஆட்டுப் பண்ணைக்காரர் குட்டிகளைத் தூக்குகிறது என்று கொதிக்கிறார்.
— வாசகர், ஃபோர்ட் வில்லியம்

சரி என்றுதான் நினைக்கிறேன். அதற்காக உங்கள் பக்கத்துப் பண்ணைக்காரர் சொல்வது பொய் என்று சொல்ல மாட்டேன்.

வெள்ளைவால் கடற்கழுகு புதிதாக வந்த விருந்தாளி கிடையாது, இந்த மண்ணின் பறவை. சுட்டும், விஷம் வைத்தும், முட்டைகளைத் திருடியும் மனிதர்கள்தான் ஒழித்தார்கள். கடைசிக் கூடு 1916-இல் ஸ்கை தீவில். கடைசிப் பறவை 1918-இல் ஷெட்லாந்தில் சுடப்பட்டது. 1975-இல் தொடங்கிப் பத்து வருடத்தில் நார்வேயிலிருந்து 82 இளம் கழுகுகளைக் கொண்டுவந்து ரம் தீவில் பழக்கிப் பறக்கவிட்டார்கள். உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. 1985-இல்தான், அதுவும் ரம்மில் இல்லை, தெற்கே மல் தீவில், முதல் குஞ்சு கூட்டை விட்டுப் பறந்தது. பத்து வருடம் பொறுத்திருந்த அந்த மனிதர்களை நினைத்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

ஆட்டுக்குட்டி விஷயத்தில், சில இடங்களில் நஷ்டம் உண்மை. சிறு பண்ணைக்காரருக்கு நாலு குட்டி என்பது சின்னக் கணக்கு இல்லை. ஸ்காட்லாந்தின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சர்ஸ்காட், கடற்கழுகு இருக்கும் பகுதிப் பண்ணைகளுக்கு உதவ ஒரு திட்டம் வைத்திருக்கிறது. அவர் அதில் சேர்ந்திருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். கழுகு எல்லோருக்கும் பொதுவென்றால் அதன் செலவை மட்டும் அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்ல வேண்டும். ரம் தீவின் வெறுமையைப் பார்த்து "மனிதக் கை படாத இடம்" என்று பலர் எனக்கு எழுதியிருந்தீர்கள். அப்படி இல்லை. 1826-இல் சுமார் 300 பேரை அந்தத் தீவிலிருந்து கப்பலேற்றிக் கனடாவுக்கு அனுப்பிவிட்டு, நிலத்தை ஆடுகளுக்குக் கொடுத்தார்கள். அப்புறம் பணக்காரர் ஒருவரின் வேட்டைத் தீவாக இருந்து, 1957-இல்தான் இயற்கைக் காப்பகமானது. ரம் தீவிலேயே இருக்கும் ஹாரிஸ் என்ற இடத்தின் பக்கம் நடந்தால் புல் மூடிய கல்சுவர்களும் உழுத வரப்புகளும் இன்னும் தெரியும். அந்த வரப்பில் உட்கார்ந்துதான் நான் முதல் கடற்கழுகைப் பார்த்தேன். சிறகு விரித்தால் எட்டு அடி. கதவைக் கழற்றிப் பறக்கவிட்ட மாதிரி மெதுவாகப் போயிற்று. துரத்தப்பட்ட பறவைக்குத் திரும்பி வர வழி செய்தார்கள். அந்தச் சனங்களுக்கு யாரும் வழி செய்யவில்லை. அன்று எனக்குச் சந்தோஷமும் துக்கமும் ஒன்றாகத்தான் வந்தது.

பஃபின் பார்க்க ரம் போகலாமா?
— வாசகர், பர்மிங்ஹாம்

அதற்கு ரம் வேண்டாம், அதே படகில் பக்கத்துக் கானா தீவுக்குப் போங்கள். மே முதல் ஜூலை வரைக்கும் அங்கே பாறைத் தூண்களில் பஃபின்கள் இருக்கும். கானாவில் எலிகள் பெருகிக் கடற்பறவைகள் நொடித்துப் போயிருந்தன. 2005-இல் தொடங்கிப் பெரும்பாடுபட்டு எலிகளை முழுவதும் அகற்றி, 2008-இல் எலியில்லாத தீவு என்று அறிவித்தார்கள். இப்போது படகு ஏறும் முன் உங்கள் மூட்டையை நீங்களும் ஒருமுறை உதறிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன்: பஃபினஸ் பஃபினஸ் என்ற அறிவியல் பெயர் பஃபினுக்குச் சொந்தமில்லை, நம் ஷியர்வாட்டருக்குச் சொந்தம். அந்தக் காலத்தில் உப்புப் போட்டுப் பதப்படுத்தி விற்ற கொழுத்த ஷியர்வாட்டர் குஞ்சைத்தான் பஃபின் என்று அழைத்தார்கள்.

சாப்பாடு, தங்குமிடம், மிட்ஜ் பூச்சி — மூன்றுக்கும் வழி சொல்லுங்கள்.
— வாசகி, அபர்டீன்

கின்லாக்கில் பொதுத் தங்கும் விடுதியும் கூடாரமிடும் இடமும் உண்டு, இரண்டுக்கும் முன்பதிவு அவசியம். சின்னக் கடை ஒன்று இருக்கிறது, அதையே நம்பிப் போகாதீர்கள். கடல் கொந்தளித்தால் படகு வராது, ஒரு நாள் கூடுதலாகவே உணவு எடுத்துப் போங்கள். நான் அவலும் வறுத்த நிலக்கடலையும் இல்லாமல் கிளம்புவதில்லை.

மிட்ஜ் என்ற கடிக்கிற குட்டிப் பூச்சி ஜூனிலிருந்து செப்டம்பர் வரைக்கும் மொய்க்கும். காற்றில்லாத, மப்பான அந்திநேரம்தான் அதற்குக் கொண்டாட்டம். கொஞ்சம் காற்று அடித்தாலே அதனால் பறக்க முடியாது. அதனால் தலையை மூடும் வலை எடுத்துப் போங்கள், காற்றோட்டமான இடமாகப் பார்த்து நில்லுங்கள். மான்கள் அதிகம் என்பதால் உண்ணியும் உண்டு. முழுக்கால் உடுப்பைச் சாக்ஸுக்குள் செருகிக்கொண்டு, தூங்கும் முன் உடம்பைப் பார்த்துவிடுங்கள்.

எனக்கு 11 வயது. ஷியர்வாட்டர் குஞ்சை அப்பா அம்மா விட்டுவிட்டுப் போய்விடும் என்று எழுதியிருந்தீர்கள். பாவம், அப்புறம் அதற்கு வழி எப்படித் தெரியும்?
— சிறுமி, இன்வெர்னஸ்

கண்ணு, நம்ம ஊர்க்காரி கேட்ட கேள்வி என்பதால் கடைசியில் நிதானமாக எழுத வைத்திருந்தேன்.

வருடத்துக்கு ஒரே முட்டை. அப்பாவும் அம்மாவும் மாறி மாறி ஐம்பது நாள் அடைகாத்துப் பொரித்த குஞ்சு அது. அப்புறம் இரண்டு மாதம் இரவிரவாக மீன் கொண்டுவந்து ஊட்டுகின்றன. குஞ்சு அப்பா அம்மாவைவிடக் கனமாகிவிடும், பஞ்சுப் பொதி மாதிரி இருக்கும். அதன் பிறகுதான் அவை தெற்கே கிளம்புகின்றன. அதனால் பட்டினி போட்டுவிட்டுப் போகவில்லை, கட்டுச்சோறு கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் போகின்றன. அந்தக் கொழுப்பை வைத்துக்கொண்டு குஞ்சு சில நாள் வளையிலேயே இருக்கும். இரவில் வெளியே வந்து சிறகை அடித்துப் பார்க்கும், திரும்ப உள்ளே போய்விடும். செப்டம்பரில் ஒரு இருட்டு இரவில் மலையிலிருந்து கடலுக்குப் போய், அங்கிருந்து பிரேசில், அர்ஜென்டினா கடல் வரைக்கும் தனியாகப் பறக்கும். எந்தத் திசையில் போக வேண்டும் என்பது பிறக்கும்போதே அதனுள் இருக்கிறது.

வளர்ந்த பறவைகளின் வழி கண்டுபிடிக்கும் திறமையைச் சோதிக்க 1952-இல் வேல்ஸின் ஸ்கோகோம் தீவிலிருந்து ஒரு ஷியர்வாட்டரை விமானத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அது போகாத ஊர், தெரியாத கடல். 12 நாளில், சுமார் 5,000 கிலோமீட்டர் தாண்டி, தன்னுடைய அதே வளைக்கு வந்து சேர்ந்தது. ரம் குஞ்சும் சில வருடம் கடலிலேயே வளர்ந்துவிட்டு, பிறகு திரும்பி வரும். 50 வருடத்துக்கு மேல் வாழ்ந்த ஷியர்வாட்டர்கள்கூட உண்டு.

ஆனால் முதல் இரவில் ஒரு சிக்கல் வரும். மழையும் மூடுபனியுமாக இருந்தால் சில குஞ்சுகள் மல்லெய்க் துறைமுகத்தின் விளக்குகளைப் பார்த்துக் குழம்பி, ரோட்டிலும் படகுத்துறையிலும் இறங்கிவிடும். தரையிலிருந்து எழும்ப அவற்றுக்குத் தெரியாது. அந்த ஊர்க்காரர்கள் செப்டம்பர் இரவுகளில் அட்டைப்பெட்டியோடு சுற்றி, அவற்றைப் பொறுக்கி எடுத்து, கடலில் கொண்டுபோய் விடுகிறார்கள். போன வருடம் ஒரு இரவு நானும் கூடப் போனேன். மீன்பெட்டிகளுக்கு இடையில் ஒன்று ஒண்டிக்கொண்டிருந்தது. கழுத்தோரத்தில் மட்டும் குஞ்சுப் பஞ்சு கொஞ்சம் ஒட்டியிருந்தது. தூக்கியதும் என் விரலை நறுக்கென்று கடித்தது, கடல் வாடையும் எண்ணெய் வாடையும் கலந்து அடித்தது. காலையில் படகிலிருந்து தண்ணீருக்குப் பக்கத்தில் கையை நீட்டி விட்டேன். ஒரு நிமிடம் மிதந்தது, தலையை முக்கிப் பார்த்தது, அப்புறம் தண்ணீரின் மேல் ஓடி எழும்பித் தெற்கே போய்விட்டது.

அடுத்த செப்டம்பரில் உன் அப்பா அம்மா சம்மதித்தால், ஓட்டை போட்ட ஒரு அட்டைப்பெட்டியும் தடிமனான கையுறையும் எடுத்துக்கொண்டு மல்லெய்க்குக்கு வா.